பிரேக் சத்தத்துக்கு 12,400 ராண்டா?

தம்பி, நீங்கள் எழுதியது இதுதான். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து சில மாதம் ஆகிறது, அம்ஹ்லாங்காவில் வீடு, 90,000 கிலோமீட்டர் ஓடிய போலோ விவோ ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். பிரேக் பிடித்தால் முன்பக்கம் கீச்சென்று சத்தம். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் முன் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு), முன் பேட் (அந்தத் தட்டில் உரசி வண்டியை நிறுத்துவது), நான்கு ஷாக் அப்சார்பர் (குழியில் குலுக்கலை அடக்குவது), பிரேக் ஆயில், வீல் அலைன்மென்ட், இன்ஜெக்டர் கிளீனிங் (என்ஜினுக்கு எரிபொருள் தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்வது), இதர சாமான் என்று வரிசையாக எழுதி 12,400 ராண்ட் என்று கொடுத்துவிட்டார்கள். "கோயம்புத்தூரில் இந்த வேலை எவ்வளவில் முடியும் தெரியுமா அக்கா? என்னை ஏமாற்றுகிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வேலையாக ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை விடுங்கள். ஊரில் சாமான் விலைதான் பில்லில் பெரிது, கூலி சின்னது. இங்கே கூலியை மணிக்கணக்கில் போடுவார்கள், பாதி பில் அதற்கே போய்விடும். கோவை விலையோடு ஒப்பிட்டால் டர்பனில் இருக்கிற எல்லா மெக்கானிக்கும் திருடனாகத்தான் தெரிவான். உங்கள் கொட்டேஷனை இதே ஊரில் இன்னொரு ஒர்க்‌ஷாப்பின் கொட்டேஷனோடு மட்டும்தான் ஒப்பிட முடியும்.

அப்படி ஒப்பிடும் முன்னால் அந்தத் தொகையில் வாட் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வாட் 15 சதவீதம். சேர்க்காத தொகை என்றால் நீங்கள் கட்டப்போவது 14,260. ஒருவர் வாட்டோடு சொல்லி, இன்னொருவர் வாட் இல்லாமல் சொல்லி, இரண்டாமவர் மலிவு என்று நம்பிப் போனவர்கள் நிறையப் பேர்.

ஆனால் விலை நியாயமா என்பது இரண்டாவது கேள்வி. அந்த வேலை உங்கள் வண்டிக்குத் தேவையா என்பதுதான் முதல் கேள்வி. இங்கே காசு போவது பெரும்பாலும் கூடுதல் விலையால் அல்ல, தேவையில்லாத வேலையால். ஒவ்வொரு வரியின் விலையும் சரியாக இருக்கும், பட்டியலில் பாதி வரிகள் அங்கே இருக்கவே வேண்டியிருக்காது. நீங்கள் போனது பிரேக் சத்தத்துக்கு. திரும்பி வந்தது நான்கு ஷாக் அப்சார்பரோடு. அந்தச் சத்தத்துக்கும் பின் ஷாக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஷாக் போயிருக்கவும் கூடும், இல்லை என்று சொல்லவில்லை. 90,000 ஓடிய வண்டி, சாலைக் குழிகளும் நமக்குத் தெரியும். ஆனால் போயிருக்கிறது என்றால் அவர்கள் அதைக் காட்ட வேண்டும்.

அதனால் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போய், விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்கான ஆள் யோசிக்காமல் காட்டுவார். இன்சூரன்ஸ், பாதுகாப்பு விதி என்று சொல்லி உள்ளே விட மறுத்தால் போட்டோவும் அளவும் கேளுங்கள். மழுப்பினால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பேடில் உரசும் பகுதி எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றச் சொல்வது நியாயம். டிஸ்கைப் பொறுத்தவரை யாருடைய கருத்தும் தேவையில்லை. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று டிஸ்கிலேயே பொறித்திருப்பார்கள், விளிம்பிலோ நடுப்பகுதியிலோ இருக்கும். தடிமன் அளக்கும் வெர்னியர் கேலிபரை வைத்து அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். அந்த எண்ணுக்குக் கீழே போயிருந்தாலோ, ஆழமான கோடுகள் விழுந்திருந்தாலோ, பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் உதறினாலோ டிஸ்க் மாற்றத்தான் வேண்டும். வெறும் துருவைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அம்ஹ்லாங்காவில் கடல் காற்றில் இரவு முழுக்க நிற்கிற வண்டிக்குக் காலையில் டிஸ்க் மேல் செம்பழுப்பாகப் படிந்திருக்கும், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். காலையில் மட்டும் கேட்டு, பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிற சத்தத்துக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். உங்கள் சத்தம் எப்போது வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை, கவனித்துப் பாருங்கள்.

டிஸ்கையும் பேடையும் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றச் சொன்னால் அது ஏமாற்று இல்லை. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஷாக்குக்கும் அதே கணக்குதான்: முன்னால் ஒன்று ஒழுகினால் முன் இரண்டையும் மாற்றலாம். அதை வைத்துப் பின் இரண்டையும் சேர்ப்பதற்குத் தனிக் காரணம் வேண்டும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அழுக்கு ஒட்டியிருக்கிறதா, டயர் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்து சுத்தமாக இருக்கிற ஷாக்கை "கிலோமீட்டர் ஆகிவிட்டது" என்று மாற்றச் சொன்னால் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். முன் ஷாக்கைக் கழற்றினால் அலைன்மென்ட் நியாயமான செலவு. ஷாக்கே மாற்றவில்லை என்றால், வண்டியும் நேராக ஓடுகிறது, டயரும் சமமாகத் தேய்கிறது என்றால், அலைன்மென்ட் வரியும் போய்விடும்.

கூலியில் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டிஸ்க் மாற்ற வேண்டும் என்றால் பேடைக் கழற்றியே ஆக வேண்டும். இரண்டும் ஒரே வேலை. டிஸ்குக்கு ஒரு கூலி, பேடுக்குத் தனியாக ஒரு முழுக் கூலி என்று எழுதியிருந்தால் கழற்றாத எதற்கோ காசு கேட்கிறார்கள். என்ஜினில் டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் சேர்த்து மாற்றும்போதும் இதே கதை நடக்கும், உங்கள் விவோவுக்கு அந்தச் செலவு ஒருநாள் வரும், அப்போது நினைவில் வையுங்கள். பம்புக்கு இவ்வளவு, பெல்ட்டுக்கு இவ்வளவு என்று இரண்டு கூலி போட முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே இடத்தைத்தான் பிரிக்கிறார்கள்.

பிரேக் ஆயில் வரியை விட்டுவிடுங்கள், அது இருக்கட்டும். அது ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது, நமது புழுக்கத்தில் இன்னும் நல்லது. இன்ஜெக்டர் கிளீனிங்கை அடித்துவிடுங்கள். வண்டி இழுக்கவில்லை, குலுங்குகிறது என்று நீங்கள் சொன்னீர்களா? இதர சாமான் என்றால் கிரீஸ், துணி, கிளீனர் என்று சின்னத் தொகை வரும். அது பில்லோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போனால் மட்டும் என்ன என்று கேளுங்கள்.

இப்போது இரண்டாவது கொட்டேஷன். முதல் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அதைக் காட்டினால் அதே பட்டியலை வாங்கி ஐந்நூறு குறைத்துத் தருவார்கள், நீங்களும் ஜெயித்ததாக நினைப்பீர்கள். "பிரேக் பிடித்தால் சத்தம் வருகிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். இவரும் ஷாக்கைச் சொன்னால் ஷாக் உண்மையாகவே போயிருக்கலாம். டயர்க் கடைகளில் பிரேக்கும் ஷாக்கும் இலவசமாகப் பார்த்துத் தருவார்கள், ஆனால் அவற்றை விற்பவர்களும் அவர்களே. பழுது பார்க்காமல் சோதனை மட்டும் செய்கிற இடம் வேண்டும் என்றால் டெக்ரா போன்ற மையங்களுக்குக் கட்டணம் கட்டிப் போகலாம். பிரேக் சத்தத்துக்கு அவ்வளவு தேவைப்படாது. என்ஜின், கியர்பாக்ஸ் என்று பெரிய தொகை வந்தால் யோசிக்காமல் போங்கள்.

சாமான் விலையைச் சரிபார்ப்பது இங்கே சுலபம். கொட்டேஷனில் வெறும் "டிஸ்க்" என்று இருந்தால் எந்த பிராண்டு, என்ன பார்ட் நம்பர் என்று எழுதச் சொல்லுங்கள். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க் என்ற வட்டச் சீட்டில் வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரும் என்ஜின் நம்பரும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு சாமான் கடையான மைடாஸ் கவுண்டரிலோ, உங்களுடையது ஃபோக்ஸ்வேகன் வண்டி என்பதால் அதன் சாமான் விற்கும் கோல்ட்வாகனிலோ கேட்டால் விலை சொல்லிவிடுவார்கள். ஒர்க்‌ஷாப் விலை அதைவிடக் கூடுதலாக இருக்கும், இருக்கட்டும். சாமானை வரவழைப்பதும், கெட்டுப்போனால் மாற்றித் தருவதும் அவர்கள் பொறுப்பு, அதற்கு லாபம் வைக்கத்தான் செய்வார்கள். இரண்டு மடங்கு என்றால் கேளுங்கள். நீங்களே வாங்கிக்கொண்டு போய் மாட்டச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறகு சத்தம் வந்தால் சாமான் மேல் தப்பா, மாட்டியவர் மேல் தப்பா என்று நடுவில் நிற்பது நீங்கள்தான். பேரம் பேச வேண்டும் என்றால் கூலியில் பேசாதீர்கள், "வேறு நல்ல பிராண்டில் என்ன விலைக்கு வரும்?" என்று கேளுங்கள். கம்பெனிப் பெட்டியில் வருவதற்கும், அதே தரத்தில் வெளிச்சந்தையில் வருவதற்கும் விலை வித்தியாசம் நிறைய. பெயர் தெரியாத மலிவுச் சாமானை மட்டும் பிரேக்கில் போடாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, வந்த புதிதில் இது யாருக்கும் தெரிவதில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, மதிப்பீடு வேண்டாம் என்றோ இவ்வளவு வரை செய்யலாம் என்றோ நீங்களே முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தவிர, மதிப்பீடு கொடுத்து உங்கள் சம்மதம் வாங்காமல் பழுது பார்த்துவிட்டுக் காசு கேட்க முடியாது. கொடுத்த மதிப்பீட்டைத் தாண்டினால் மறுபடி கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். பிரித்துப் பார்த்துக் கொட்டேஷன் தருவதற்குக் கட்டணம் உண்டு என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதனால் வண்டியைக் கொடுக்கும்போது, செய்ய வேண்டிய வேலையை எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், "தேவையானதைச் செய்யவும்" என்ற தோரணையில் ஏதாவது இருந்தால் அடித்துவிட்டு "முன் பிரேக் சத்தம் மட்டும் பார்க்கவும்" என்று எழுதுங்கள். போனில் கேட்டு "சரி" என்று சொல்லாதீர்கள், வாட்ஸப்பில் தொகையோடு அனுப்பச் சொல்லி அங்கேயே பதில் போடுங்கள்.

கழற்றிய பழைய சாமான்களைத் தனியாக வைத்து உங்களிடம் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம், நீங்கள் வேண்டாம் என்றால் தவிர. வேண்டும் என்றே சொல்லுங்கள். வீட்டில் வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று தோன்றும். ஆனால் பழையது கேட்பார் என்று தெரிந்த வண்டியில் புதியதை மாட்டாமல் விடுவது கஷ்டம். மாட்டிய சாமானுக்கும் செய்த வேலைக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் சட்டப்படியே உண்டு, பில்லில் எழுதாவிட்டாலும் உண்டு.

பில் என்றதும் இன்னொன்று. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டின் பின்புறம் வைத்து வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் நிறைய. கையில் நல்ல தொழில் இருக்கும், விலையும் குறைவு. போர்டில் நாயுடு, கோவெண்டர், பிள்ளை என்று பார்த்ததும் நம்ம ஆள் என்று தமிழில் தொடங்கிவிடாதீர்கள். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் அவர்கள். காவடியை விட்டுவிடவில்லை, தமிழ் பெரும்பாலும் போய்விட்டது. அன்பாகப் பேசுவார்கள், சாப்பிட்டாயா என்றும் கேட்பார்கள், அதற்காகக் கொட்டேஷனைப் பார்க்காமல் விட முடியுமா? அவர்களிடம் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் போகிறேன். செய்த வேலையையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாள் இல்லை என்றால் உத்தரவாதமும் வாய்வார்த்தையோடு போய்விடும்.

டீலரிடம் போகாவிட்டால் வாரண்டி போய்விடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் வண்டியின் வாரண்டி காலம் முடிந்திருந்தால் அந்தக் கவலை வேண்டாம். அடுத்து புது வண்டி வாங்கினால், 2021 ஜூலை 1 முதல் வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது, வாரண்டி காலத்திலும் வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்யலாம்.

தகராறு முற்றினால் முதலில் ஒர்க்‌ஷாப்புக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கு மேல் மோட்டார் தொழில் புகார்களை விசாரிப்பதற்கென்றே இருக்கும் ஆம்பட்ஸ்மன் அலுவலகம், நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. 20,000 ராண்ட் வரை என்றால் சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட், அங்கே வக்கீலே கூடாது, நீங்களே பேசலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: நீங்கள் ஒப்புக்கொண்ட வேலைக்குக் காசு கட்டும்வரை வண்டியைப் பிடித்து வைக்க ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை உண்டு. கத்திப் பயனில்லை. சண்டை என்றால் வண்டியைக் கொடுக்கும் முன்னால் போட வேண்டும்.

தனியாக வரும் பெண் என்றாலும், ஊர் புதிது என்று பேச்சிலேயே தெரிந்தாலும் பட்டியல் இரண்டு வரி நீளும். இதற்கு நான் கண்டுபிடித்த ஒரே மருந்து, "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்பது. அதற்குப் பிறகு பேசும் தொனியே மாறிவிடும்.

உங்கள் பட்டியலைப் பார்த்து என் கணிப்பு: முன் பேட் அநேகமாக வேண்டியிருக்கும், டிஸ்க் அளவைப் பொறுத்து, பிரேக் ஆயில் சரி, ஷாக் கண்ணால் பார்த்தால்தான், மீதி வேண்டாம். அப்படிப் பார்த்தால் பில் பாதிக்கும் கீழே வரும் என்று நினைக்கிறேன். டிஸ்கில் பொறித்த எண்ணையும் அளந்த எண்ணையும் எனக்கு எழுதுங்கள், ஷாக் போட்டோ இருந்தால் அதையும் அனுப்புங்கள். பேட் மாற்றும்வரை பைன்டவுனுக்கு மேலே க்ளூஃப் பக்கம் போய்த் திரும்ப வேண்டியிருந்தால் ஃபீல்ட்ஸ் ஹில் என்ற செங்குத்தான இறக்கத்தைத் தவிர்த்து வேறு வழியில் வாருங்கள், குடும்பத்தோடு என்றால் ஊபர் எடுங்கள்.