கார்புரேட்டரை வீட்டிலேயே சுத்தம் செய்வது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 2012-ஆம் ஆண்டு வாங்கிய ஸ்பிளெண்டர் இருக்கிறது. சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரைக் கழற்றத்தான் வேண்டுமா?

பதில்: பெட்ரோல் போதுமான அளவு போகவில்லை என்பதற்கு இதுவே அடையாளம், பெரும்பாலும் ஸ்லோ ஜெட் (ஐட்லிங்கின்போது, அதாவது வண்டி நிற்கையில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, பெட்ரோல் விடும் கார்புரேட்டரின் சிறு துளைப் பாகம்) அடைத்திருக்கும். ஆனாலும் கழற்றுவதற்கு முன், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே புகுகிறதா என்று பாருங்கள். பிறகு பவுலின் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின்) அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வரும் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றாலோ செம்பழுப்புத் தூள் படிந்தாலோ கோளாறு டேங்கிலிருந்து வருகிறது. டேங்கைக் கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் அது மறுபடியும் அடைத்துக்கொள்ளும். இந்த வேலையைத் திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பின், அடுப்போ விளக்கோ அருகில் இல்லாத இடத்தில் மட்டுமே செய்யுங்கள்.

கேள்வி: ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தி எடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஜெட் பித்தளையால் ஆனது. எஃகுக் கம்பி பட்டால் துளை பெரிதாகிவிடும், பிறகு எவ்வளவு திருகினாலும் மைலேஜ் திரும்பாது. கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து ஊறவிட்டு, பஞ்சர் கடையின் காற்றுக் குழாயால் ஊதினாலே பெரும்பாலான அடைப்பு போய்விடும். ஊதிய பிறகு ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: துளை வட்டமாக, விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டும்; பிறை போலத் தெரிந்தால் அழுக்கு இன்னும் இருக்கிறது. கிளீனர் பட்டால் ரப்பர் உப்பிவிடும் என்பதால், ஃப்ளோட்டையும் (பவுலில் பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை), அது தள்ளும்போது பெட்ரோல் வரும் வழியை மூடும் ஃப்ளோட் ஊசியையும், ரப்பர் வளையங்களையும் முன்னதாகவே எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஏர் ஸ்குரூவை இறுக்கினால் மைலேஜ் கூடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: காற்று-பெட்ரோல் விகிதத்தை மாற்றும் அந்தத் திருகு ஐட்லிங்கிலும், ஆக்சிலேட்டரைச் சிறிதளவு திருப்பும்போதும் மட்டுமே வேலை செய்கிறது, அதற்கு மேல் ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஜெட் ஊசியும், அதிக வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டும்தான் அளவை முடிவு செய்கின்றன. திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால், உள்ளே திருகும்போது காற்று குறைந்து பெட்ரோல் விகிதம் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால், உள்ளே திருகும்போது பெட்ரோல் குறையும். இந்த வேறுபாடு தெரியாமல் பொத்தாம்பொதுவாக இறுக்குவதால்தான் பல வண்டிகள் கெடுகின்றன.

கழற்றும் முன் திருகை மெல்ல உள்ளே திருகி, அது அடியில் தொடும் வரை எத்தனை சுற்று வந்தது என்று எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டதால் நான் ஒருமுறை ஒரு முழு நாளை இழந்தேன். திரும்பப் பூட்டிய பின், வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஐட்லிங்கைச் சற்றே உயர்த்தி, திருகைக் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்துங்கள். இன்ஜின் வேகம் எந்த இடத்தில் மிக உயர்ந்து சீராகக் கேட்கிறதோ அதுவே சரியான இடம். அதன் பிறகு ஐட்லிங் திருகால் வேகத்தைக் குறையுங்கள்; உங்கள் வண்டியைப் போன்ற 100 சிசி வண்டிகளுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று பொருத்தமானது. சில நாள் ஓட்டிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் விடை தெரியும்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பாக இருந்தால் சரி. பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி வெளுக்கும் அளவுக்குக் குறைத்தால், இன்ஜின் சூடாகி, மிச்சப்படுத்தியதைவிடப் பெரிய செலவு வந்து சேரும்.

கேள்வி: சுத்தம் செய்த பிறகு பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

பதில்: டேங்கின் பெட்ரோல் டேப்பை உடனே மூடுங்கள். ஃப்ளோட் ஊசியின் முனையில் தூசி சிக்கியிருக்கலாம், அல்லது முனையில் வளையம் போலத் தேய்மானம் விழுந்திருக்கலாம். தேய்ந்திருந்தால் ஊசியை மாற்றியே ஆக வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே பெட்ரோல் தளும்பினால் அதில் ஓட்டை இருக்கிறது.

கேள்வி: என் வண்டி 2021-ஆம் ஆண்டு மாடல். அதற்கும் இதே முறைதானா?

பதில்: பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது பெரும்பாலான வண்டிகள், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எரிபொருள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. உங்கள் வண்டியும் அவ்வாறென்றால் அதில் கார்புரேட்டரே இருக்காது. இன்ஜெக்டருக்கு எரிபொருள் அழுத்தத்துடன் வருவதால், அந்தக் குழாயை நீங்களாகக் கழற்றாமல் ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.