இன்னும் எவ்வளவு ஓரமாகப் போவது?

அன்புள்ள ஐயா,

வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். போன வாரம் ஒரு பேருந்து தோளை உரசுகிற மாதிரி கடந்து போனது. வீட்டில் சொன்னால், "நெரிசலான ரோட்டில் சைக்கிள் ஓட்டினால் அப்படித்தான், நாமதான் ஒதுங்கிப் போகணும்" என்கிறார்கள். லைட் இல்லாமலும் எதிர்த்திசையிலும் வரும் சைக்கிள்காரர்களை நானும் பார்க்கிறேன், அதனால் முழுக்க மறுத்துப் பேசவும் முடியவில்லை. இதில் பொறுப்பு யாருடையது? நான் இன்னும் ஓரமாகப் போக வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைக் கணக்குப் போட்டாலே மற்றதற்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஹேண்டில்பாரின் அகலம் சுமார் 60 செ.மீ. சாலை விளிம்பில் மணல், கண்ணாடித் துண்டு, உடைந்த தார் எல்லாம் கிடக்கும். ஆகவே சக்கரம் விளிம்பிலிருந்து 75 செ.மீ. உள்ளே ஓட வேண்டும். அப்போது ஹேண்டில்பாரின் வெளிமுனை 1.05 மீட்டரில் இருக்கும். கடக்கும் வண்டி விட வேண்டிய இடைவெளி 1.5 மீட்டர், பல நாடுகளின் விதி இது. கண்ணாடிகளோடு ஒரு காரின் அகலம் ஏறக்குறைய 2 மீட்டர். மொத்தம் நாலரை மீட்டருக்கு மேல் ஆகிறது. பேருந்தென்றால் இன்னும் அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு தடத்தின் அகலமோ பெரும்பாலும் 3 முதல் 3.5 மீட்டர்தான். நீங்கள் விளிம்பையே ஒட்டிக்கொண்டு போனாலும் 4 மீட்டருக்குக் குறையாது. அதாவது, அடுத்த தடத்துக்குள் ஏறாமல் உங்களை ஒழுங்காக ஓவர்டேக் செய்ய வழியே இல்லை. ஒதுங்கி ஒதுங்கிப் போவதால் ஓட்டுநருக்கு 'இடம் இருக்கிறது, நுழைந்துவிடலாம்' என்ற எண்ணம்தான் வரும். தடம் குறுகலாக இருக்கும் இடத்திலும் சந்திப்புக்கு முன்பும் தடத்தின் நடுவுக்கே வந்துவிடுங்கள். திடீரென்று வரக்கூடாது. முன்கூட்டியே திரும்பிப் பார்த்து, கை காட்டிவிட்டு வாருங்கள்.

அந்த 3.5 மீட்டரை யார் தீர்மானித்தார்கள்? நீங்களும் இல்லை, அந்தப் பேருந்து ஓட்டுநரும் இல்லை. என் பார்வையில் பொறுப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது: சாலையின் அகலத்தைப் பங்கிட்டவர்கள், வேக வரம்பை எழுதியவர்கள். 1997இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட 'விஷன் ஜீரோ' கொள்கையின் அடிப்படையே இது. மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறு உயிரை எடுக்காதபடி சாலையை அமைப்பது அமைப்பவர் கடமை என்கிறது அது.

வேகத்தையே பாருங்கள். காய்ந்த தார்ச்சாலை, நல்ல பிரேக், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி. மணிக்கு 30 கி.மீ.யில் வரும் கார் 13 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். 50 கி.மீ.யில் வருவதற்குச் சுமார் 28 மீட்டர் வேண்டும். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அந்தத் தூரத்தில், இரண்டாவது காரின் ஓட்டுநர் கால் அப்போதுதான் பிரேக்கைத் தொடுகிறது! சைக்கிள் தனித்தடம் போட இடமில்லாத சாலையில் வேகத்தை 30க்குக் குறைக்காமல் 'பகிர்ந்து செல்லுங்கள்' என்று பலகை வைப்பதை நான் பொறுப்பின்மை என்றே சொல்வேன்.

சின்ன விஷயமும் உண்டு. மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே இருந்தால், 30 மி.மீ. டயர் நேராக இடுக்கில் இறங்கி, ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். சதுர மூடியாக இருந்தால் அதைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் போதும். இல்லாவிட்டால் குறுக்கே பட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

அடுத்தது வண்டி ஓட்டுபவர். அதிகத் தீங்கு செய்யக்கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்று பிரிட்டனின் சாலை விதி நூலில் 2022இல் எழுதிச் சேர்த்தார்கள். நெதர்லாந்தில் இழப்பீட்டுச் சட்டமே அப்படி: 14 வயதுக்குட்பட்ட சைக்கிள் சிறுவரை மோட்டார் வண்டி மோதினால், சிறுவர் மீது தவறு இருந்தாலும் மிக அரிய விலக்குகள் தவிர முழு இழப்பீடும் வண்டிக்காரர் தரப்பினுடையது. ஓட்டுநர் பழக வேண்டிய முக்கியமான ஒன்று கதவு. நிறுத்திய காரின் கதவை, கதவிலிருந்து தள்ளி இருக்கும் கையால் திறக்க வேண்டும். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார். திறந்த கதவு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும். நிறுத்தும் இடத்தை ஒட்டியே சைக்கிள் கோடு போட்டுவைத்தால், அந்தக் கோட்டுக்குள் ஒழுங்காகப் போகிறவர்தான் அடிபடுவார்.

லாரி திரும்புவது வேறு வகை. அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவில் நிற்கும் சைக்கிள்காரருக்கு ஆரம்பத்தில் நிறைய இடம் தெரியும். வண்டி திரும்பத் திரும்ப அது காணாமல் போகும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அந்த மூலை தெரியாமலும் போகலாம். சைக்கிளுக்கு நிறுத்தக்கோட்டைச் சில மீட்டர் முன்னால் தள்ளிப் போடுவது, சில விநாடி முன்னதாகப் பச்சை கொடுப்பது, லாரியின் பக்கவாட்டில் தடுப்புக் கம்பி பொருத்துவது எல்லாம் மற்றவர்கள் செய்ய வேண்டியவை. அதெல்லாம் நடக்கும்வரை லாரியின் பக்கத்தில் நிற்காதீர்கள், பின்னாலேயே நில்லுங்கள்.

சைக்கிள்காரர் பங்கைப் பற்றி உங்கள் வீட்டில் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. எதிர்த்திசையில் 20 கி.மீ.யில் போனால், 40இல் வரும் வண்டியோடு மோதும் வேகம் 60 ஆகிவிடும். சரியான பக்கத்தில் அது 20தான். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். பெடல் ரிஃப்ளெக்டரைக் கழற்றாதீர்கள். அது மேலும் கீழும் ஆடுவதால் தூரத்திலேயே 'சைக்கிள்' என்று தெரிந்துவிடும். ஹெல்மெட் போடுங்கள். ஆனால் ஐரோப்பியத் தரச் சோதனையில் அதைத் தட்டிப்பார்ப்பது மணிக்கு 20 கி.மீ.யை ஒட்டிய வேகத்தில்தான். விழுந்தால் காக்கும். ஆனால் பேருந்து இடித்தாலும் காக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் ஹெல்மெட்டைக் காட்டி மற்ற எல்லாரையும் விடுவித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

சாலைத் துறைக்கு மனு எழுதுங்கள். 'ஆபத்தாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் கிடப்பில் போடுவார்கள். அந்த இடத்தில் தடத்தின் அகலம், வேக வரம்பு, எந்த நேரத்தில் நெரிசல், வடிகால் மூடி இருந்தால் கம்பி இடுக்கின் அளவு ஆகியவற்றோடு, அளவுநாடா வைத்து எடுத்த படத்தையும் சேர்த்து, என்ன மாற்றம் வேண்டும் என்று ஒரே வரியில் கேளுங்கள். அளக்கப் போகும்போது, போக்குவரத்து குறைந்த காலை நேரத்தில், வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.