பள்ளி நகைச்சுவை நாடகங்களில் வரும் எதிர்பாராத திருப்பம் ஏன் இவ்வளவு பிடித்துப்போகிறது?

பள்ளிக்கூடத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். என் கணக்கில் அதுதான் முதற்காரணம். வீட்டுப்பாடம் எழுதாதவன் எழுந்து நிற்பான், வயிற்றுவலி என்பான், திட்டு வாங்குவான். முன்வரிசைப் பாட்டியிலிருந்து தரையில் அமர்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை வரை இந்த வரிசை மனப்பாடமாகிவிட்டதால், எதிர்பார்ப்பை உண்டாக்க நாடகம் எழுதுபவர் மெனக்கெட வேண்டியதில்லை. அதைக் கவிழ்க்கும் வேலை மட்டுமே அவருக்கு மிச்சம்.

தமிழாசிரியராக இருந்தபோது, ஆண்டு விழாவுக்காக எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பத்து நிமிட நாடகம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் வெளியே கிளம்பும்போது வகுப்புத் தலைவனிடம், "பேசுறவங்க பேரையெல்லாம் போர்டுல எழுதி வை" என்கிறார். அவன் பன்னிரண்டு பெயர்களை எழுதுகிறான். உடனே அழிப்பதற்கான பேரம் தொடங்குகிறது: கடலை மிட்டாய் ஒன்றுக்கு ஒரு பெயர், நெல்லிக்காய் என்றால் இரண்டு. கடைசியில், கொடுப்பதற்கு எதுவுமில்லாத, பழைய பகைக்காகவே பெயர் எழுதப்பட்ட, வாயே திறக்காத ஒருவன் மட்டும் பலகையில் மிஞ்சுகிறான். ஆசிரியர் திரும்பி வந்து பார்த்துத் திகைத்துப்போய், "என்னடா, பேச்சுப் போட்டிக்கு ஒருத்தன்தானா? சென்னைக்குப் பத்து டிக்கெட் போட்டுட்டேனே!" என்கிறார்.

அந்த வசனம் முடிந்ததும் அரங்கில் ஒரு நொடி அமைதி. "பேசுறவங்க" என்ற சொல்லைத் தொடக்கத்திலேயே கேட்டோமே, அப்போது ஏன் உறைக்கவில்லை என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் பின்னோக்கி ஓடிப் பார்க்கும் நொடி அது. சிரிப்பு அதற்குப் பிறகுதான் வெடித்தது. நல்ல திருப்பத்துக்கும் மோசமான திருப்பத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கண்ணெதிரே வைத்த ஒன்றைக் கவனிக்காமல் ஏமாந்தால் மனிதர்கள் மகிழ்ச்சியோடு சிரிக்கிறார்கள். "எல்லாம் கனவு" என்று முடிக்கும் நாடகத்திலோ அப்படித் திரும்பிப் பார்க்க ஒன்றுமே இருப்பதில்லை. அதற்குக் கிடைக்கும் கைதட்டல் நடித்த பிள்ளைகளுக்கானது மட்டுமே.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் (மடமை) ஆகிய நான்கிலிருந்து நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் என்கிறது, உள்ளத்து உணர்ச்சிகள் உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகளைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். பள்ளிக்கூட மேடையில் இந்த நான்குக்குமே பஞ்சமில்லை. ஆனால் அதே இயல் வியப்பை மருட்கை என்ற தனி மெய்ப்பாடாக வகுத்து, அது பிறக்கும் நான்கு நிலைகளில் புதுமையை முதலில் வைக்கிறது. திருப்பம் வரும் இடத்தில் நகையும் மருட்கையும் ஒரே நேரத்தில் வந்து மோதுவதால்தான், வெறும் துணுக்குக்குச் சிரிப்பதைவிட அங்கே உரக்கச் சிரிக்கிறோம் என்பது என் எண்ணம். உரையாசிரியர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு கதை.

அன்று மிகப் பெரிய சிரிப்பு நான் எழுதாத ஓரிடத்தில் எழுந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒத்திகை முழுவதும் சாக்பீஸ் துண்டுகளையே கடலை மிட்டாயாகப் பாவித்து வந்த தலைவனிடம், விழாவன்று யாரோ உண்மையான மிட்டாயைக் கொடுத்துவிட்டார்கள். பெயர் அழிக்கப்பட்ட பையன்கள் "எங்க மிட்டாயத் திருப்பிக் குடு, மறுபடியும் பேரை எழுது" என்று கையை நீட்டியபோது, அவன் கன்னம் புடைக்க விழித்துக்கொண்டு நின்றான். பேச வேண்டிய வசனத்துக்குப் பதிலாக மிட்டாய் நொறுங்கும் சத்தம்தான் மைக்கில் கேட்டது.

நடித்தவர்களுக்கு இன்னொரு இன்பமும் இருந்தது. வழக்கமாக விடை ஆசிரியர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. ஒத்திகை நடந்த இரண்டு வாரங்கள் மட்டும் நிலைமை தலைகீழாக இருந்தது. முடிவைக் கணக்கு ஆசிரியரிடம்கூடச் சொல்லாமல் அவர்கள் காப்பாற்றிய கட்டுப்பாட்டைத் தேர்வுக்கு முன் நான் ஒருநாளும் கண்டதில்லை.

முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமே என்று கேட்கலாம். மறுஆண்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்காக அதே நாடகத்தை மீண்டும் போட்டோம். கடைசி வசனம் நெருங்கியபோது, முன்பே பார்த்திருந்த பிள்ளைகள் மேடையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.