சென்சார் இல்லாத குறும்படங்களைத் திரையிட ஏஜென்ட்டுக்கு 45,000 ரூபாய் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசிப்புக் குழு நடத்துகிறோம். இன்னும் ஏழு வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க சுயாதீனத் திரைப்பட விழா நடத்தத் திட்டம். ஏழு குறும்படங்கள், இரண்டு ஆவணப்படங்கள், ஒரு முழுநீளப் படம், நடுவில் இயக்குநர்களோடு இரண்டு உரையாடல்கள். 120 பேர் உட்காரும் அரங்கு. டிக்கெட் கிடையாது. போஸ்டரில் ‘அனுமதி இலவசம், அனைவரும் வருக’ என்றுதான் போட்டிருக்கிறோம். படங்களை இயக்குநர்களே மனமுவந்து கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பாதிக்கு மேல் சென்சார் ஆகாதவை. அப்படியே போட்டால் போலீஸ் வந்து நிறுத்திவிடும் என்கிறார் அரங்கு மேலாளர். அவர் அறிமுகப்படுத்திய ஏஜென்ட் ஒருவர் எல்லா அனுமதியும் வாங்கித் தர 45,000 ரூபாய் கேட்கிறார். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். சென்சார் உண்மையிலேயே வேண்டுமா? பாக்கியைக் கொடுக்கலாமா?

பதில்: பாக்கியைக் கொடுக்காதீர்கள், அம்மா. ஏன் என்று சொல்கிறேன், முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மேலாளர் சொன்னதில் பாதி சரி. 1952-ம் ஆண்டின் சினிமட்டோகிராஃப் சட்டப்படி, பொதுமக்களுக்குக் காட்டும் எந்தப் படத்துக்கும் மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்று வேண்டும். மூன்று மணி நேரப் படமா, மூன்று நிமிடப் படமா என்ற பேச்சே இல்லை. படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது சரியா என்று இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் வரை போராடி 1970-ல் தோற்றாரே, அந்த வழக்குக்குக் காரணமே நான்கு நகரங்களைப் பற்றிய ஒரு சின்ன ஆவணப்படம்தான். காசு வாங்கினீர்களா இல்லையா என்பதும் இங்கே செல்லாது. அரங்கு வேண்டாம், ஒருவர் வீட்டு மாடியில் போட்டுவிடலாம் என்று உங்கள் குழுவில் யாராவது யோசனை சொல்வார்கள். அந்தச் சட்டத்தில் ‘இடம்’ என்றால் வீடு, கட்டடம், கூடாரம், ஓடுகிற வண்டி எல்லாமே அடக்கம். வாசலில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றால் அது பொதுக் காட்சி. உங்கள் போஸ்டர் அதைத்தான் கொட்டை எழுத்தில் சொல்கிறது.

உங்கள் பட்டியலில் இருக்கும் குறும்படங்களில் சில ஏற்கெனவே யூடியூபில் கிடக்கும். ஓடிடி தளங்களுக்கு 2021-ல் வந்த விதிகள் தனி, அங்கே இந்த வாரியத்துக்கு வேலையில்லை. ஊரே செல்போனில் பார்க்கலாம். அதே படத்தை 120 நாற்காலி போட்டுக் காட்டினால் காகிதம் வேண்டும். 2016-ல் இயக்குநர் ஷியாம் பெனகல் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு, வாரியம் படங்களை வெட்டாமல் வயதுவாரியாகத் தரம் பிரித்தால் போதும் என்று அறிக்கை கொடுத்தது. வாரியத்தின் முடிவை எதிர்த்துப் போக இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் 2021-ல் கலைத்தார்கள். இப்போது ஒரு குறும்பட இயக்குநருக்கு வாரியத்தின் முடிவு பிடிக்கவில்லை என்றால் நேராக உயர் நீதிமன்றம் போக வேண்டும். 2023 திருத்தத்தில், பெற்றோர் வழிகாட்டுதலோடு குழந்தைகள் பார்க்கலாம் என்ற யுஏ சான்றை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தார்கள், சான்றிதழ் பத்தாண்டில் காலாவதியாவதையும் எடுத்தார்கள். ஒரு நாள் விழா நடத்துகிறவர்களை யாருக்கும் நினைவு வரவில்லை. சரி, புலம்பி ஆகப்போவது ஒன்றுமில்லை.

உங்களுக்கு வழி இருக்கிறது. சட்டத்தின் 9-வது பிரிவு, குறிப்பிட்ட படங்களுக்குச் சான்றிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. திரைப்பட விழாக்கள் நடப்பது இந்த விலக்கில்தான். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விழாக் குழுவே எழுதலாம். விழாவின் பெயர், தேதி, இடம், ஒவ்வொரு படத்தின் விவரமும் கதைச் சுருக்கமும், படங்களை முன்கூட்டிப் பார்த்துப் பரிந்துரைக்கும் குழுவில் யார் யார் என்ற விவரம், இவைதான் உள்ளடக்கம். அந்தக் குழுவில் திரைத்துறை, விமர்சனம் சார்ந்தவர்களைப் போடுங்கள், உங்கள் வாசிப்புக் குழுத் தலைவரின் மைத்துனரைப் போடாதீர்கள். விழா தொடங்க 15 நாள் முன்னதாகவாவது விண்ணப்பம் அங்கே போய்ச் சேர வேண்டும். நான் ஒரு மாதம் என்றே சொல்வேன், ஏனென்றால் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்கள் என்றால் ஒரு வாரம் போச்சு. ஏஜென்ட் வழியாகத்தான் வர வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. புதுக் குழு என்ற தயக்கம் இருந்தால், ஏற்கெனவே இப்படி விண்ணப்பித்துப் பழகிய ஒரு ஃபிலிம் சொசைட்டியை, அதாவது திரைப்பட ரசிகர் சங்கத்தை, கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விலக்கு யாருக்காக என்பதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். விழா வணிக நோக்கில்லாததாக இருக்க வேண்டும், படம் பார்ப்பவர்கள் டெலிகேட்டாக, அதாவது விழாப் பிரதிநிதியாக, முன்கூட்டிப் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் வாங்கலாம், வாங்காமலும் விடலாம். நடுவர்கள், அழைக்கப்பட்ட திரைத்துறையினர், பத்திரிகையாளர்கள் எல்லாம் இதில் வருவார்கள். இதில் அடங்காதவர், தெருவில் போகிறபோது பேனரைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைகிறவர். ஆகையால் ‘அனைவரும் வருக’ என்ற வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் ‘முன்பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு மட்டும்’ என்று போட்டு, பதிவு செய்யும் இணைப்பைக் கொடுங்கள். அச்சடித்த போஸ்டர் வீணாகிறதே என்று அந்த வரிமேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், கீழே இருப்பது தெரியும். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் பழைய போஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தால் அங்கேயும் புதியதைப் போடுங்கள். விழா நாளில் வாசலில் ஒரு மேசை, பெயர்ப் பட்டியல், கழுத்தில் மாட்டும் அட்டை. பதிவு செய்தவர் கூடவே மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தால்? அவர் பெயரையும் பதிந்து அட்டை கொடுங்கள். சும்மா உள்ளே விடாதீர்கள். பதிவு செய்துவிட்டு வராதவரின் அட்டையை இன்னொருவருக்கு மாட்டிவிடும் பழக்கமும் வேண்டாம். சிரிப்பாக இருக்கும், ஆனால் யாராவது புகார் கொடுத்து அதிகாரி வந்து நின்றால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் பட்டியல் ஒன்றுதான்.

விலக்கு படத்துக்குப் படம், விழாவுக்கு விழா தனித்தனி. ஒரு படம் வேறொரு ஊர் விழாவில் விலக்கோடு ஓடியது என்பதால் உங்கள் அரங்கில் அது செல்லாது. கேட்டால் கிடைத்துவிடும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2017-ல் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் சலச்சித்திர அகாதமி (திரைப்பட அகாதமி) நடத்திய ஆவணப்பட விழாவிலேயே மூன்று படங்களுக்கு அமைச்சகம் விலக்கு மறுத்தது. உங்கள் ஆவணப்படங்களில் ஒன்று விவகாரமான பொருளைத் தொட்டால், அதற்கு மாற்றாகச் சான்றுள்ள ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் ஏஜென்ட் நுழைகிறார். ‘எல்லா ஆகுத்தே மேடம்’, எல்லாம் ஆகிவிடும் என்று கன்னடத்தில் சொல்வார். டெல்லியில் ஆள் இருக்கிறார் என்பார். எந்தப் பிரிவில் எதை வாங்கித் தருகிறீர்கள் என்று கேட்டால் ‘ஃபெஸ்டிவல் பர்மிஷன்’ என்பார். அப்படி ஒரே காகிதம் எங்கும் கிடையாது. என்னிடம் ஒரு குழு கொண்டு வந்த ‘அனுமதிக் கடிதத்தின்’ முதல் பக்கத்தில் அவர்கள் விழாவின் பெயர் இருந்தது, இரண்டாம் பக்கப் பட்டியலில் இருந்த ஒரு படம்கூட அவர்களுடையது இல்லை. எழுத்துருவே வேறு. யாரோ வேறு விழாவுக்கு வாங்கிய கடிதத்தின் வாலை வெட்டி இதில் ஒட்டியிருந்தார்கள். அதற்கு 30,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள்.

எல்லாப் படத்துக்கும் சென்சாரே பண்ணித் தருகிறேன் என்று இன்னொரு வகை ஏஜென்ட் வருவார். சான்றுக்கான விண்ணப்பம் வாரியத்தின் இ-சினிபிரமாண் இணையதளத்தில், நடைமுறையில் படத் தயாரிப்பாளர் பெயரில் போவது. விழா நடத்துகிற நீங்கள் அதற்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வாரியத்தின் ஒன்பது மண்டல அலுவலகங்களில் ஒன்று பெங்களூரிலேயே இருக்கிறது, இயக்குநர் நேரில் போய்க் கேட்கலாம். 2023 செப்டம்பரில் நடிகர் விஷால், தன் படத்தின் இந்திப் பதிப்புக்குச் சான்று வாங்க மும்பையில் லஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. அவ்வளவு பெரிய நடிகருக்கே அந்த நிலை என்றால் நமக்கு என்ன என்று ஏஜென்ட்டுகள் இதையே விளம்பரமாகச் சொல்கிறார்கள்! ஏழு வாரத்தில் சென்சார் என்பதை நம்பி இருக்கவும் வேண்டாம். படத்தில் ஒரு நாயோ மாடோ நடித்திருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் காகிதம் தனியாக வேண்டும். முன்பு சென்னையில் இருந்த அந்த அலுவலகம் இப்போது ஹரியானாவில் இருக்கிறது.

ஆக, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. பத்து இயக்குநர்களுக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். சென்சார் சான்றிதழின் நகல் இருந்தால் அனுப்பவும். திரையிடச் சம்மதம் என்று தயாரிப்பாளர் கையெழுத்திட்ட கடிதம் அனுப்பவும். படத்தில் சினிமாப் பாட்டு ஏதாவது வருகிறதா என்று சொல்லவும். இயக்குநரும் தயாரிப்பாளரும் வேறு ஆளாக இருந்தால் இயக்குநரின் கையெழுத்து போதாது, நண்பர்களாகப் படம் எடுத்துவிட்டு இப்போது பேசிக்கொள்ளாமல் இருப்பவர்கள் நிறைய. சான்று இருக்கிறது என்பவர்களிடம், சான்று வாங்கிய பிறகு படத்தில் வெட்டியோ சேர்த்தோ இருக்கிறீர்களா என்று தனியாகக் கேளுங்கள். இந்த இயக்குநர்களுக்குக் கை சும்மா இருக்காது. மாற்றிய படத்துக்குப் பழைய சான்று செல்லாது. சான்றில்லாததும் சந்தேகமானதும் எல்லாம் விலக்குப் பட்டியலுக்குப் போகட்டும்.

அரங்கு விஷயம் சுருக்கமாக. படம் காட்டும் இடத்துக்கான உரிமம் கர்நாடகத்தில் 1964-ம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தில் வருகிறது, அது அரங்குக்காரர் பார்க்க வேண்டிய விஷயம். இதற்கு முன் இங்கே படம் போட்டிருக்கிறீர்களா, எந்த அனுமதியில் என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் இடத்தை மாற்றுங்கள். பனசங்கரியில் சுசித்ரா, தொம்மலூரில் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர் போல் வழக்கமாகத் திரையிடல் நடக்கும் இடங்கள் ஊரில் இருக்கின்றன.

உரையாடல்களுக்குச் சென்சார் சான்று தேவையில்லை. பேச்சின் நடுவே படத் துணுக்குகள் போடப்போகிறார் என்றால் அவையும் சான்றோ விலக்கோ உள்ள படங்களிலிருந்து இருக்கட்டும். இடைவேளையில் ஸ்பீக்கரில் பாட்டுப் போடாதீர்கள். பாட்டு உரிமம் கேட்டு விசிட்டிங் கார்டோடு ரொக்கம் வசூலிக்க வருகிறவர்களில் யார் அசல் யார் போலி என்று கண்டுபிடிக்க உங்களுக்கு அன்றைக்கு நேரம் இருக்காது. பதினைந்து நிமிடம் பாட்டில்லாமல் காபி குடித்தால் ஒன்றும் ஆகாது.

5,000 ரூபாய் முன்பணத்துக்கு இப்போதே ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். எந்தத் தேதியில், எதற்காக, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதி, வேலையை நிறுத்தி பணத்தைத் திருப்பித் தரவும் என்று சொல்லுங்கள். போனில் பேச வேண்டாம். திருப்பித் தருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஐயாயிரத்துக்காக வழக்குப் போடச் சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் குழுவின் லெட்டர்ஹெட்டோ கையெழுத்திட்ட வெற்றுத் தாளோ அவரிடம் இருந்தால், அதைத் திரும்ப வாங்கும் வரை விடாதீர்கள்.