பெங்களூரு ஸ்டுடியோவா, திருப்பூர் கம்பெனியா, நாகர்கோவில் பொட்டிக்கா?

கேள்வி: எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். கோவையில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் கடைசி வருடம் படிக்கிறேன். கல்விக்கடன் 3 லட்சம், வருடத்துக்கு ஒரு லட்சமாக வாங்கியது. அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. பெங்களூருவில் ஒரு டிசைனர் ஸ்டுடியோ ஆறு மாத இன்டர்ன்ஷிப் தருகிறது, சம்பளம் இல்லை. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் டிரெய்னி மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுக்கும்) வேலை, சம்பளம் 15,000, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 3,000 பிடிப்பார்கள். நாகர்கோவிலில் ஒரு பிரைடல் பொட்டிக்கில் (கல்யாண உடைக் கடை) 10,000. இது போக, 45,000 கட்டினால் போர்ட்ஃபோலியோ எடுத்து ஃபேஷன் ஷோவில் வாய்ப்பு வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்சி சொல்கிறது. பெங்களூருவுக்குத்தான் ஆசை. அம்மா செயினை அடகு வைத்து அனுப்புகிறேன் என்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: கடைசியில் சொன்ன ஏஜென்சியை முதலில் முடித்துவிடுவோம். வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், நீங்கள் அவருக்குத் தரக்கூடாது. 45,000 கட்டாதீர்கள். தவணையில் கட்டலாம் என்று சொன்னாலும் வேண்டாம்.

பெங்களூரு ஆசை எனக்குப் புரிகிறது. பெரிய ஸ்டுடியோ பெயர் ரெஸ்யூமேயில் இருந்தால் சில கதவுகள் திறக்கும், அது பொய் இல்லை. ஆனால் "சம்பளம் இல்லை" என்பதோடு கணக்கு நிற்பதில்லை. பிஜி வாடகை, சாப்பாடு, பஸ், போன் என்று எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மாதம் 14,000 போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதத்தில் திருப்பூரில் இருந்தால் என்ன மிஞ்சும்? முழுச் சம்பளத்துக்கும் பிஎஃப் பிடித்தால் 12 சதவீதம், அதாவது 1,800. இஎஸ்ஐ 0.75 சதவீதம், 113 ரூபாய். ஹாஸ்டல் பிடித்தம் போக ஏறக்குறைய 10,000 கைக்கு வரும். சொந்தச் செலவுக்கு 4,000 எடுத்தால் 6,000 மிச்சம். ஆக பெங்களூருவில் ஒரு மாதத்தின் உண்மையான விலை 14,000 இல்லை, 20,000. ஆறு மாதத்துக்கு 1,20,000. அந்த இன்டர்ன்ஷிப்புக்கு நீங்கள் கட்டும் ஃபீஸ் இது. இவ்வளவு ஃபீஸ் வாங்கும் ஒரு கோர்ஸில் சேர்வதற்கு முன் என்னவெல்லாம் கேட்பீர்களோ, அதையெல்லாம் அந்த ஸ்டுடியோவிடமும் கேளுங்கள். பேட்டர்ன் மேக்கிங்கில் (துணி வெட்டுவதற்கான அளவுப் படிவம் வரைவதில்) உட்கார வைப்பார்களா? கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் நிற்க விடுவார்களா? அல்லது துணிக்கடைக்கும் கூரியர் ஆபீஸுக்கும் ஓடவிட்டு, இன்ஸ்டாகிராமுக்கு ரீல்ஸ் எடுக்க வைப்பார்களா? முன்பு அங்கே இன்டர்னாக இருந்தவர் ஒருவரிடம் பேசினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். வேலை ஒப்பந்தத்திலோ அப்ரென்டிஸாகவோ இருக்கும்போது வரைந்த டிசைனின் பதிப்புரிமை, வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாவிட்டால், முதலாளிக்குத்தான் போகும். சம்பளமே இல்லாத இன்டர்ன் விஷயத்தில் இது குழப்பமாகிவிடும். நீங்கள் வரைந்ததை போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்பதை மெயிலில் எழுதி வாங்காமல் போகாதீர்கள்.

செயின் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன், வேண்டாம். மழை நாளில் பால் வெட்டு கிடையாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அப்பாவின் வருமானம் எந்த மாதம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாத வீட்டில், அவசரத்துக்கு இருக்கிற ஒரே கையிருப்பு அந்தச் செயினாகத்தான் இருக்கும். வட்டி கட்டவும் திருப்பவும் வருமானம் இல்லாத ஆறு மாதத்துக்காக அதை அடகு வைக்கக் கூடாது.

இப்போது நாகர்கோவில். இதை நீங்கள் அலட்சியமாக எழுதியிருப்பதுபோலத் தெரிகிறது. வீட்டிலிருந்து போய்வந்தால் பஸ்ஸும் மதியச் சாப்பாடும் சேர்த்து 2,500 ஆகும் என்று வைத்தாலும் 7,500 மிச்சம். மூன்றிலும் அதிகம் மிஞ்சுவது இங்கேதான்! வேலைக்கும் பஞ்சமில்லை. கிறிஸ்தவத் திருமண கவுன், வெள்ளைப் புடவைக்கு பிளவுஸ், இந்துக் கல்யாணத்துக்கு ஆரி வேலைப்பாடு என்று இரண்டு பக்கமும் ஆர்டர் வரும் ஊர் இது. ஆனால் ஆடி, மார்கழியில் ஒரு பக்கம் படுத்துவிடும், தவக்காலத்தில் இன்னொரு பக்கம். அந்த மாதங்களிலும் முழுச் சம்பளம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கடை என்றால் பிஎஃப், இஎஸ்ஐ இருக்காது.

பிறகு ஏன் நான் திருப்பூர் என்கிறேன்? பொட்டிக்கில் ஒரு பிளவுஸ் எப்படி அழகாகிறது என்று கற்பீர்கள். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டின் விலை எப்படி உருவாகிறது என்று கற்பீர்கள். நூல் வாங்கி, நிட்டிங், டையிங், பிரிண்டிங், கட்டிங், தையல், பேக்கிங் என்று எல்லாம் ஒரே ஊரைச் சுற்றி நடக்கிறது. ஒரு கிலோ துணியில் எத்தனை பீஸ் வரும், வேஸ்டேஜ் எவ்வளவு, கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமாகி விமானத்தில் போனால் லாபம் என்ன ஆகும் என்பதை எந்தக் கல்லூரியும் இப்படிக் கண்முன் காட்டாது. பின்னால் சொந்தமாகக் கடை போட்டாலும் இந்தக் கணக்குதான் உங்களைக் காப்பாற்றும். டிசைன் நன்றாக இருந்தும் விலை போடத் தெரியாமல் மூடிய கடைகள் நம் ஊரிலேயே உண்டு.

திருப்பூரிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது அந்த ஊரே கலங்கியது. அதனால் நிறுவனத்தின் பையர்கள் எல்லாம் ஒரே நாட்டிலா, பல நாடுகளிலா என்று இன்டர்வியூவில் நீங்களே கேட்கலாம், தப்பில்லை. "டிரெய்னி" என்பது ஊழியரா, 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டப்படி பயிற்சியாளரா என்றும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அப்ரென்டிஸ் என்றால் வருவது ஸ்டைபெண்டு (பயிற்சித் தொகை), பிஎஃப் பிடிக்க மாட்டார்கள். காஸ்டிங் ஷீட்டை (விலைக் கணக்குத் தாளை) உங்கள் கையில் எப்போது தருவார்கள் என்பது சம்பளத்தைவிட முக்கியமான கேள்வி. வருடம் முழுக்க டையிங் யூனிட்டுக்கு போன் போட்டு "பாலோ-அப்" மட்டும் செய்தால் பயனில்லை. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். பாண்ட் இருந்தால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கடனுக்கு வருவோம். படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். அதுவரை தனி வட்டி ஏறிக்கொண்டிருக்கும். வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், தவணை தொடங்கும்போது கடன் 3.9 லட்சமாகி நிற்கும். ஏழு வருடத் தவணை மாதம் 6,500 பக்கம் வரும். திருப்பூரில் மிஞ்சும் 6,000 இதற்குப் போதாது என்பதைக் கவனித்தீர்களா? முதல் வருட முடிவில் சம்பள உயர்வு வேண்டும், இல்லையென்றால் வேறு நிறுவனம் பார்க்க வேண்டும். இதைச் சேரும்போதே மனதில் வையுங்கள். வேலை கிடைத்த மாதத்திலிருந்து வட்டி 2,500-ஐ மட்டுமாவது கட்டிவந்தால் சுமை கொஞ்சம் குறையும். அதற்கு முன் வங்கிக்குப் போய் ஒன்று கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியான தொழில்சார் படிப்புகளுக்குத் தவணை தொடங்கும்வரை உள்ள வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் இருக்கிறது. உங்கள் படிப்பும் கல்லூரியும் அதில் வருகிறதா, வங்கி உங்கள் பெயரை அனுப்பியதா என்று மேனேஜரிடம் நேரில் விசாரியுங்கள். வருமானச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பெங்களூரு ஸ்டுடியோவுக்கும் ஒரு மெயில் போடுங்கள். மாதம் 12,000 ஸ்டைபெண்டு தர முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். தருவதாகச் சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பொட்டிக் அக்காவிடமும் முகம் திருப்பாமல், லீவுக்கு ஊருக்கு வரும்போது கல்யாண ஆர்டர்களில் பீஸ் கணக்கில் வேலை தருவீர்களா என்று கேட்டுவையுங்கள். ஆனால் திருப்பூர் நிறுவனம் வெளிவேலை கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று ஆஃபர் லெட்டரில் பார்த்த பிறகு.