முதல் குழந்தைக்குத் தலசீமியா: அடுத்த மூன்றும் தப்பிவிடுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "நான் கட்டியிருப்பது சொந்த மாமா மகளை. எங்கள் 2 வயதுப் பெண்ணுக்குத் தலசீமியா மேஜர், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றுகிறோம். நாலில் ஒன்றுக்கு வரும் என்றார் டாக்டர். அந்த ஒன்றுதான் வந்துவிட்டதே, இனி மூன்றும் நன்றாகப் பிறக்கும் என்கிறார் அம்மா. அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?"

தாராளமாகச் செய்யலாம், ஆனால் அம்மாவின் கணக்கை நம்பி வேண்டாம்.

தலசீமியா என்பது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய். அந்த ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒரு பகுதி உண்டு. அதற்கான மரபணு 11-வது குரோமோசோமில் இருக்கிறது, எல்லோருக்கும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. உங்களுக்கு அதில் ஒன்று பழுது, மனைவிக்கும் ஒன்று பழுது. மிச்சமிருக்கும் நல்ல பிரதி வேலையைப் பார்த்துக்கொள்வதால் இருவரும் நடமாட்டத்தில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள். கரு உண்டாகும்போது இருவரும் ஆளுக்கு ஒரு பிரதியைத்தான் கொடுக்கிறீர்கள், எது போகும் என்பது காசு சுண்டுவது மாதிரி. இரண்டு பழுதும் ஒரே கருவில் சேர்ந்தால் நோய். அதற்கான வாய்ப்பு 25 சதவீதம், ஒவ்வொரு முறையும் அதே 25தான். போன தடவை என்ன விழுந்தது என்று காசுக்குத் தெரியாது.

மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் பட்டாணிச் செடிகளில் பார்த்ததும் இதைத்தான். ஊதாப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்து வளர்த்தார். இரண்டாம் தலைமுறையில் 705 செடிகளில் ஊதாப் பூ, 224-இல் வெள்ளைப் பூ. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று, ஆனால் அது 929 செடிகளை எண்ணியபோது கிடைத்த விகிதம். எந்த நாலு செடியைப் பிடுங்கினாலும் மூன்றும் ஒன்றுமாக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. உங்களைப் போன்ற தம்பதியருக்கு நாலு குழந்தை பிறந்தால், நாலும் தப்பிக்கும் வாய்ப்பு சுமார் 32 சதவீதம், இரண்டு அல்லது அதற்கு மேல் பாதிக்கப்படும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம்.

அப்புறம், இது 'அவங்க பக்கத்து ரத்தம்' என்று எந்த வீட்டிலாவது பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒருவர் மட்டும் கொடுத்து இந்த நோய் வராது. சொந்தத்தில் கட்டினால் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்த பழுது இருவருக்கும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். சொந்தமே இல்லாத தம்பதியருக்கும் இந்தக் குழந்தைகள் பிறக்கிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? கர்ப்பத்துக்கு முன்பே உங்கள் இருவருக்கும் மரபணுவில் சரியாக எந்த இடத்தில் பழுது என்று டி.என்.ஏ. பரிசோதனையில் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு மூன்றாம் மாதத்தில் ஓடி வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அப்போது ஒவ்வொரு நாளும் முக்கியம். பழுது எது என்று தெரிந்திருந்தால், 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்துக் கருவுக்கு நோய் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். முடிவு உங்கள் இருவருடையது. நோயில்லாத குழந்தை என்றால், மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு அதன் எலும்பு மஜ்ஜை அக்காவுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கலாம், உடன்பிறந்தவர்களுக்குள் அது பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

உங்கள் இருவரின் தம்பி தங்கைகளையும், கல்யாணம் பேசுவதற்கு முன்பே, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். அவர்களிடம் இந்தப் பழுது இருக்க ஏறக்குறைய பாதி வாய்ப்பு. இருந்தாலும் கல்யாணத்துக்குத் தடை இல்லை, வரப்போகிறவரும் அதே பரிசோதனையைச் செய்துகொண்டால் போதும்.