கூப்பிட்டார்கள், போகவில்லை

கேள்வி: 1940 பிரிட்டன் வான்போரில் போலந்து விமானிகளின் 303-வது ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு) 126 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தி லண்டனையே காப்பாற்றியதாம். ஆனால் 1946 வெற்றி அணிவகுப்புக்கு அவர்களை அழைக்கவே இல்லையாம். வாட்ஸ்அப்பில் படித்துக் கண்கலங்கிவிட்டேன். ஒன்று மட்டும் புரியவில்லை. போர்தான் முடிந்துவிட்டதே, ஏன் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை? இங்கிலாந்து வாழ்க்கை பிடித்துவிட்டதா?
(வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்த செய்தியில் பாதி சரி, பாதி தவறு. கடைசியில் நீங்களாகச் சேர்த்த கேள்விதான் என்னைச் சுட்டது.

126 என்பது அந்த விமானிகள் சொன்ன கணக்கு. அன்றைய ஆவணத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனால் வானத்தில் ஒரே எதிரியை மூன்று பேர் சுட்டால், மூன்று பேருமே தான்தான் வீழ்த்தியதாக நினைப்பது இயல்பு. செப்டம்பர் 15 அன்று ஒரே நாளில் 185 விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. ஜெர்மனி உண்மையில் இழந்தது சுமார் 60. பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளல்ல. 303-இன் கணக்கும் பின்னாளைய ஆய்வில் நன்றாகவே குறைந்தது. குறைந்த பிறகும் அது முன்வரிசையில்தான் நிற்கிறது. அதுவும் பாதிப் போர் முடிந்த பிறகு களமிறங்கி, ஆறே வாரத்தில்!

ஏன் தாமதம் என்கிறீர்களா? ஆங்கிலேயர்களுக்கு நம்பிக்கை இல்லை. 1939-இல் போலந்து வீழ்ந்ததும் ருமேனியா, ஹங்கேரி வழியாகத் தப்பிப் பிரான்சுக்குப் போய், அதுவும் வீழ்ந்தபின் இங்கிலாந்து வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். இரண்டு தோல்விகளைப் பார்த்தவர்களுக்கு என்ன தெம்பு இருக்கும் என்று நினைத்தார்கள். ஆங்கிலமும் தெரியாது. மூன்று சக்கர சைக்கிளில் ரேடியோவைக் கட்டி, மைதானத்தில் மிதிக்கவிட்டு, அணிவகுத்துப் பறக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்தவனுக்கு சைக்கிள் பாடம்! சிரமங்களும் உண்மைதான். கிலோமீட்டர் போய் மைல் வந்தது. அவர்களின் பழைய போர் விமானத்தில் சக்கரம் எப்போதும் வெளியேதான் இருக்கும். இங்கே ஓட்டிய பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிக்கேனில் இறங்கும்போது அதை ஞாபகமாக வெளியே தள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 30 அன்று பயிற்சிக்குப் பறந்துகொண்டிருந்தபோது 303-இன் விமானி லுட்விக் பாஷ்கியேவிச் எதிரியைக் கண்டார். ரேடியோவில் சொன்னார், பதில் இல்லை. அணியை விட்டுப் பிரிந்துபோய் மெஸ்ஸர்ஷ்மிட் என்ற ஜெர்மன் போர் விமானம் ஒன்றை வீழ்த்திவிட்டு வந்தார். கட்டுப்பாட்டை மீறியதற்குத் திட்டு, வீழ்த்தியதற்குப் பாராட்டு, இரண்டும் கிடைத்தன. மறுநாளே ஸ்குவாட்ரன் போருக்கு அனுப்பப்பட்டது. செப்டம்பர் 27 அன்று அவர் களத்தில் இறந்தார். இவர்கள் சொல்லும் கணக்கை நம்பாத நார்த்ஹோல்ட் தளத்தின் தலைவர் ஸ்டான்லி வின்சென்ட், ஒருநாள் தானே பின்னாலேயே பறந்து போய்ப் பார்த்தார். அதன்பிறகு சந்தேகம் எழுப்பவில்லை.

'லண்டனையே காப்பாற்றியது' என்பதையும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். அந்தப் போரில் பறந்த சுமார் 2,900 பேரில் போலந்துக்காரர்கள் 145 பேர். 303-இன் விமானிகள் எல்லோரும் போலந்துக்காரர்களும் அல்ல. அதில் அதிக விமானங்களை வீழ்த்தியவராக, 17 என்ற கணக்கோடு நிற்கும் யோசெஃப் ஃப்ரான்டிஷெக் ஒரு செக். அணியோடு பறக்கச் சொன்னால் கேட்கமாட்டார், தனியே வேட்டைக்குப் போய்விடுவார். திருத்த முடியாமல், 'விருந்தாளி' என்று பெயர் வைத்து அவர் போக்கில் விட்டுவிட்டார்கள். அக்டோபர் 8 அன்று விமானம் விழுந்து இறந்தார்.

சரி, அணிவகுப்புக்கு வருவோம். 1945 ஜூலையில் பிரிட்டன், நாடு வீழ்ந்தபின் லண்டனில் இருந்து இயங்கிய போலந்து அரசைக் கைவிட்டு, ஸ்டாலின் ஆதரவில் போலந்துத் தலைநகர் வார்சாவில் அமைந்த அரசை அங்கீகரித்தது. அதனால் 1946 ஜூன் 8 அணிவகுப்புக்குப் போலந்தின் பெயரில் அழைப்பு போனது வார்சாவுக்கு. இத்தாலியின் மோன்டே கசினோ போரில் ரத்தம் சிந்திய தரைப்படைக்கும் கடற்படைக்கும் இடமில்லை. விமானிகள் 25 பேரை மட்டும் பிரிட்டிஷ் விமானப்படையோடு நடந்துவரச் சொன்னார்கள். ஆக, விமானிகளை அழைத்தார்கள். தங்கள் தரைப்படைக்கு இல்லாத மரியாதை தங்களுக்கு வேண்டாமென்று இவர்கள்தான் மறுத்தார்கள். அழைக்கவே இல்லை என்று எழுதுகிறவர்கள், அவர்கள் செய்த இந்தக் காரியத்தையே அழித்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம்.

ஏன் ஊருக்குப் போகவில்லை என்கிறீர்கள். எந்த ஊருக்கு? போலந்தின் கிழக்கே லுவோஃப், வில்னோ பக்கத்தில் பிறந்தவர்களின் வீடு அப்போது சோவியத் எல்லைக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்தவர்களும் உண்டு. 303-ஐத் தலைமை தாங்கிய விடோல்ட் உர்பனோவிச் 1946-இல் போனார், பிடித்து வைத்தார்கள். வெளியே வந்ததும் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். வேறு ஸ்குவாட்ரன்களில் பெயர் பெற்ற ஸ்டானிஸ்வாஃப் ஸ்கல்ஸ்கி 1947-இல் போனார். மறு ஆண்டே கைது, அப்புறம் உளவாளி என்று மரண தண்டனை. அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1956-இல்தான் வெளியே வந்தார்.

இங்கிலாந்து வாழ்க்கை பிடித்துவிட்டதா என்று இனி நீங்களே சொல்லுங்கள்.